கிராஃபிக்ஸ் கார்டும் ராமும் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் அடம்பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

அண்ணன் மகன் பல மாதம் சேர்த்து வைத்த காசில் ஓர் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டும் 8 ஜிபி ராம் ஒன்றும் வாங்கினான். ஏற்கெனவே அவனிடம் இருந்தது ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 2666 வேகத்தில் 8 ஜிபி ராம் ஒன்று, பெயருக்கு ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு எனக்கு ஃபோன் செய்தான். "சித்தப்பா, டிஸ்ப்ளேயே வரலை. கார்டு செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரே மெஷினில் அடுத்தடுத்து நான்கு கோளாறுகளைப் பார்த்தோம். நான்கிலும் புதிதாக வாங்கிய பொருள் நன்றாகத்தான் இருந்தது. நான் இதுவரை கை வைத்த மெஷின்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். மின்சாரம், பொருத்திய விதம், செட்டிங் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சந்தேகத்தின் பேரில் இன்னொன்று வாங்கிப் போட்டுப் பார்க்கிற காலம் இது இல்லை. அதனால் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போவோம்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதலில் ராமை மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டுங்கள், அப்புறம் கார்டு. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டீர்கள் என்றால் பழைய நிலைக்குப் போய் ஒவ்வொன்றாக வாருங்கள்.

கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ்-க்கு (மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போகும் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மெஷின் ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதா? அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று பொருள். நம் ஊர் பழைய வீடுகளில் இது சாதாரணம், ஆனால் அப்படியே விடக் கூடாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகு புதுக் கார்டைப் போடுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் மகன் செய்த தவறு இதுதான். அவசரத்தில் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் இருந்த சாக்கெட்டில் சொருகிவிட்டான். ரைசன் 5 3600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அதிலிருந்து படம் வராது. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடியும் பிராசஸர்களும் இப்படித்தான். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகி இருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்து கார்டின் பவர் கனெக்டர். 6 பின், 8 பின் சாக்கெட் கார்டில் இருந்தால் அது நிரம்பியிருக்க வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. இதில் ஓர் ஆபத்து உண்டு. பிராசஸருக்கான 8 பின் வயரும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும். முன்னது 4+4 என்று பிரியும், பின்னது 6+2 என்று பிரியும். உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறி இருக்கும். உள்ளே போக மறுத்தால் அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு பிராண்டின் வயரைக் கடன் வாங்கிச் சொருகுவதும் கூடவே கூடாது. கார்டும் போர்டும் சேர்ந்து போய்விடும்.

இனி ராம். ஸ்லாட்டில் 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை இரு முனையிலும் அழுத்த வேண்டும். பாதிப் பேர் பயந்து பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு ராமை மட்டும் போட்டு, பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த ராம். பழைய ராம் என்றால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தங்க நிறக் காலை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் காலங்காலமாகச் செய்வதுதான், இன்றைக்கும் பலிக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததைத் திணிக்க வேண்டாம்.

டிடிஆர்5 போர்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். புது ராமைப் போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

மதர்போர்டு ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி எல்இடி விளக்குகள் இருந்தால் பாதி வேலை மிச்சம். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பலனில்லையா? போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள், அதன் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். வயதான போர்டில் யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) வசதியே இல்லாமல் இருந்தால் புதிய கார்டுகள் சிலவற்றுக்கு அதில் படம் வராது. அதற்கு வைத்தியம் பயாஸ் அப்டேட் மட்டும்தான், அது அந்த போர்டுக்குக் கிடைத்தால்.

பயாஸ் தெரிகிறது, விண்டோஸ் வரும்போது கருப்பாகிவிடுகிறது

இது டிரைவர் (கார்டை இயக்க விண்டோஸுக்குத் தேவையான மென்பொருள்) சண்டை. பழைய கார்டின் டிரைவர் உள்ளே இருக்கும்போதே வேறு கம்பெனிக் கார்டைப் போட்டால் அடிக்கடி நடக்கும். விண்டோஸ் லோடாகும்போது இரண்டு மூன்று முறை பவரை அணைத்தால் ரிப்பேர் திரை வரும். அதன் வழியே, தேவையான மென்பொருள் மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை முன்பே பென் டிரைவில் வைத்திருந்தால் நல்லது. அதை ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, ஏஎம்டி, என்விடியா என்று சிப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்த புதிய டிரைவரைப் போடுங்கள். அந்த நேரத்தில் இன்டர்நெட்டைத் துண்டித்து வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து நுழைக்கும்.

புதுக் கார்டுக்காக பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆக உதவும் செட்டிங்) அணைத்தவுடன் விண்டோஸே கிளம்பவில்லை என்றால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது, ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற வேண்டும். சிஎஸ்எம்-ஐத் திரும்ப ஆன் செய்து உள்ளே போய், முக்கியமானதையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் 10-லேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் பயாஸைத் தொடும் முன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராம் முழுசாகக் காட்டவில்லை, அல்லது வேகம் குறைவாகக் காட்டுகிறது

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. மொத்த அளவு, வேகம், எத்தனை ஸ்லாட் என்று எல்லாம் அங்கே இருக்கிறது. 16 போட்டும் 8 என்று வந்தால் ஒரு ராம் சரியாக உட்காரவில்லை. 4 ஜிபிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் நீங்கள் போட்டிருப்பது 32 பிட் விண்டோஸ். 64 பிட் புதிதாக இன்ஸ்டால் செய்யாமல் வேறு வழியில்லை. பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் மெஷினில் அரை ஜிபியோ அதற்கு மேலோ 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று போயிருக்கும். அது பழுதில்லை.

வேகம்தான் பலரைக் குழப்புகிறது. 3200 ராம் வாங்கிப் போட்டால் தானாக 3200-இல் ஓடும் என்று நினைக்கிறோம். பல ராம்கள் பயாஸில் எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ என்று போர்டுக்கு ஏற்ற பெயரில் இருக்கும் செட்டிங்கை ஆன் செய்தால்தான் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு வரும். அதுவரை 2133, 2400, 2666 என்று அடக்கமாகவே ஓடும். சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அது காட்டுவது பாதி எண், இரண்டால் பெருக்கினால் 3200.

எங்கள் மெஷினில் 2666 ஒன்று, 3200 ஒன்று. அவன் எக்ஸ்எம்பி-ஐ ஆன் செய்ததும் பூட் ஆகவில்லை. வேறு வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் மெதுவானதன் வேகத்தில்தான் இரண்டும் ஓடும், வேகமானதன் செட்டிங்கைத் திணித்தால் மற்றது தாங்காது. 2666-இலேயே விட்டோம். அப்படி இருந்தும் லாபம்தான், ஏனென்றால் இப்போது ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே இரண்டு சேனல், அதாவது இரண்டு பாதை கிடைத்துவிட்டது. 3200 வேகத்தில் ஒரு ராம் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவு போகும், இரண்டு சேனலில் 51.2. தனிக் கார்டு இல்லாமல் பிராசஸர் கிராஃபிக்ஸிலேயே விளையாடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனால் 16 ஒன்றை வாங்குவதைவிட 8 இரண்டாக, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்கச் சொல்வேன். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் ஒரே சேனலாகிவிடும்.

கேம் நடுவில் மெஷின் பொத்தென்று அணைகிறது, அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

இணையம் பார்க்கும்போது மணிக்கணக்கில் ஓடும், கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் போய்விடும் என்றால் என் சந்தேகம் நேரே எஸ்எம்பிஎஸ் மேல்தான். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்-ஐப் பற்றி நான் மனம் திறந்து சொல்லியாக வேண்டும். வெளியே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல, ஸ்டிக்கரில் +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆம்பியரை. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான்.

அண்ணன் மகனுடையதில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12 பெருக்கல் 16, 192 வாட். அவனுடைய ரைசன் 5 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132. இரண்டும் சேர்ந்தாலே 220 வாட், போர்டும் ஃபேனும் டிஸ்க்கும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. போதாததற்கு கிராஃபிக்ஸ் கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குத் தன் கணக்கைவிடக் கூடுதலாகவும் இழுக்கும். அணையாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் பார்த்தோம். அந்த எஸ்எம்பிஎஸ்-இல் 8 பின் வயரே இல்லை. கடையில் ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா வயரிலிருந்து 8 பின் ஆக்கும் ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்திருந்தார்கள். சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஸ்லாட் தன் முழு 75 வாட்டைக் கொடுத்தாலும் மீதி 57 வாட் அந்தச் சின்ன கனெக்டர் வழியாகத்தான் வர வேண்டும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே வரும். கழற்றியபோது பிளாஸ்டிக் இளகியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்னும் சில நாள் போயிருந்தால் தீப்பிடித்திருக்கலாம். தயவுசெய்து அந்தக் கன்வெர்ட்டரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. வயரிங் ஒழுங்காக இருந்தால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை அது அனுமதிக்கும் அளவுக்குக் குறைத்து, ஃபிரேமையும் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்) 60-க்குக் கட்டி அதே கேமை ஓட்டுங்கள். அணைவது நின்றால் மின்சாரம் போதவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருப்பதைக் காட்டிப் பலர் கேட்பார்கள். அது 'மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

ஆர்எக்ஸ் 6600-க்கு ஏஎம்டி சொல்வது 450 வாட், ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா சொல்வது 550. அது நல்ல கம்பெனியின் உண்மையான வாட். 80 பிளஸ் என்ற திறன் முத்திரையும் நீண்ட வாரன்ட்டியும் உள்ளதாகப் பாருங்கள். நாங்கள் 550 வாட் போட்டோம், அணைவது அன்றோடு நின்றது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்-இல் இறங்காதீர்கள். ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி வயரே தேவைப்படாத மாடல்கள் உண்டு, 75 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும்.

நீலத் திரை, அல்லது கேம் மட்டும் தானாக மூடிக்கொள்கிறது

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயரோடு நீலத் திரை வந்தால் ராமைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்எம்பி-ஐ அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் ராம் கெட்டுப்போகவில்லை, அந்த வேகத்தை உங்கள் போர்டும் பிராசஸரும் அந்த ஜோடியோடு தாங்கவில்லை. ஒரு படி குறைத்து வைத்தால் போதும். நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஒவ்வொரு ராமாகத் தனியே சோதித்து எது என்று கண்டுபிடித்து வாரன்ட்டிக்குக் கொண்டுபோங்கள்.

'டிஸ்ப்ளே டிரைவர் வேலை செய்வதை நிறுத்தி மீண்டது' என்ற வகையில் செய்தி வந்தால் டிரைவரைத் துடைத்துப் போடுவதிலிருந்து தொடங்குங்கள். கார்டில் கம்பெனியே கூட்டி வைத்த வேகம் (ஓவர்க்ளாக்) இருந்தால் 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஃபிரேம் ஏறவே இல்லை

மனதை அதிகம் உடைப்பது இதுதான். காசும் போய், பழைய மாதிரியே ஓடினால் யாருக்கும் ஆத்திரம் வரும்.

முதலில் ஃபிரேம் எண் சரியாக 60-இல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் விசிங்க் (ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) ஆன் ஆகியிருக்கும், அல்லது மானிட்டர் 60-இல் இருக்கும். அவனுடைய மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். புதுக் கார்டைப் போட்டதும் விண்டோஸ் அதை 60-க்கு இறக்கிவிட்டது. டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் மாற்ற இரண்டு நிமிடம். அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, தடை எங்கே என்று ஒரு சோதனை. கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் முட்டுகிறது, கிராஃபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்து வாழலாம். துளியும் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான் முட்டுக்கட்டை. அப்போது டாஸ்க் மேனேஜரில் கார்டு 50, 60 சதவீதத்திலேயே நிற்பதையும் காணலாம். பத்து வருடத்துக்கு முந்தைய நான்கு கோர் பிராசஸரில் இன்றைய கார்டைப் போட்டால் இதுதான் நடக்கும். அங்கே இன்னும் பெரிய கார்டு வாங்குவது வீண் செலவு.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே எத்தனை பாதை (எக்ஸ்16, எக்ஸ்8, எக்ஸ்4) ஓடுகிறது என்று அது சொல்லும். சும்மா இருக்கும்போது வேகம் குறைத்துக் காட்டும், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மை தெரியும். எக்ஸ்16 கார்டு எக்ஸ்4 என்று காட்டினால் தவறான ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை. ஆர்எக்ஸ் 6600 பிறவியிலேயே எக்ஸ்8 என்பதால் அதில் 8 வந்தால் பயமில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பிறவியிலேயே எக்ஸ்4. ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தலைமுறையாக இருக்கும் போர்டில் அது தடுமாறும், பழைய மெஷினுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும்) வசதி பயாஸில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் கணிசமாக விழும்.

ஃபிரேம் நிறைய இருக்கிறது, ஆனாலும் திக்கித் திக்கி ஓடுகிறது

புதுக் கார்டில் முதல் ஓரிரு மணி நேரம் திக்குவது இயல்பு. ஷேடர் கேச் (கேம் காட்சிகளுக்காகக் கார்டு முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கோப்புகள்) புதிதாக உருவாகிறது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி (கார்டின் சொந்த மெமரி) நிரம்பி ஷேர்டு மெமரி (ராமிலிருந்து கடன் வாங்குவது) ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறையுங்கள். கார்டின் சொந்த மெமரி போதவில்லை என்றால் வெளியே போடும் ராம் அதை ஈடுசெய்யாது. ராமே நிரம்பி, கேமும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் திக்கல் இரட்டிப்பாகும். கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

சூடு, சத்தம்

ஏப்ரல், மே மாதங்களில் நம் அறையே சூளைபோல இருக்கும். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் கார்டு சரி, காற்றோட்டம்தான் குறை. முன்னால் ஒரு ஃபேன் சேருங்கள். இறங்கவில்லை என்றால் கார்டில் படிந்த தூசியையும், சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டையும் சந்தேகியுங்கள். ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்ற விடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு விசித்திரமாக நடந்தால்

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அந்த நாணயத்தை ஈட்டும் (மைனிங்) வேலை முடிந்த பிறகு, பழைய மைனிங் கார்டுகள் சந்தையில் குவிந்தன. சிலவற்றில் மைனிங்குக்காக மாற்றிய பயாஸ் அப்படியே இருக்கும். டிரைவர் ஏறாது, டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை எண்ணோடு நிற்கும். சில கார்டுகளில் பயாஸ் மாற்றும் குட்டி சுவிட்ச் உண்டு, அதைத் தள்ளிப் பாருங்கள். போலிகளும் உண்டு. பழைய சிப்பில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயரை எழுதி விற்கிறார்கள். ஜிபியு-இசட் இப்படிப் பல போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில்தான் 580, உள்ளே 570-க்கு நிகரான சிப்.

திரையில் கோடுகளும் வண்ணப் புள்ளிகளும் பயாஸ் பக்கத்திலேயே தெரிந்தால் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேபிளை மாற்றிப் பாருங்கள், முடிந்தால் கார்டை நண்பரின் மெஷினில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கோடுகள் வந்தால் கார்டின் மெமரியோ சிப்போ போய்விட்டது. வாரன்ட்டி இருந்தால் பில்லோடு கொண்டுபோங்கள். கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.